வேப்பமரம் நமக்கு, சருகு பக்கத்து வீட்டுக்கு: வெட்டுவதா, கழிப்பதா, வழக்காடுவதா?

2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிப் பக்கம் கரையேறியபோது எங்கள் வேப்பமரம் விழவில்லை. 2011 டிசம்பர் 30 விடியற்காலையில் தானே புயல் கடலூர் மாவட்டத்தையே புரட்டிப் போட்டபோதும் அது நின்றது. அன்றைக்குப் பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் தோப்புத் தோப்பாகச் சாய்ந்து கிடந்ததைப் பார்த்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியும். ஆனால் இந்த முறை ஒரு கொப்பு முறிந்தது. முறிந்த கொப்பு எங்கள் பக்கம் விழாமல் பக்கத்து வீட்டு சன்ஷேட் மேல் விழுந்து, அதன் முனையை ஒரு சாண் அளவுக்குப் பெயர்த்துவிட்டு, கீழே நின்ற ஸ்கூட்டரின் கண்ணாடியையும் உடைத்துவிட்டது. மறுநாள் முட்டிக்கால் தண்ணீரில் நின்றுகொண்டு அந்த வீட்டு சார் ஒரே வரியில் சொன்னார்: "தம்பி, இதை எடுத்துடுங்க."

எங்கள் வீடு கடலூர் திருப்பாதிரிப்புலியூரில். பாதிரி மரத்தின் பெயரையே ஊருக்கு வைத்து, பாடலீசுவரர் கோயிலில் அதைத் தலமரமாகவும் வைத்துக் கும்பிடுகிற ஊர். ஆனாலும் தெருவுக்குள் மரம் என்றாலே சண்டைதான். எல்லா மனையும் சின்ன மனை, சுவரை ஒட்டிச் சுவர், அப்பா காலத்தில் வீட்டுக்கு வீடு இடைவெளி இருந்தபோது நட்ட மரம் இப்போது இரண்டு வீட்டு மாடிக்கும் நடுவில் நிற்கிறது. எங்கள் வீட்டில் இரண்டு மரம்: பின்பக்கம் ஒரு வேம்பு, சுவரோரம் ஒரு வாதுமை, அதாவது எல்லோரும் பாதாம் மரம் என்று சொல்வது. இந்த இரண்டையும் என்ன செய்வது என்று முடிவெடுக்க எனக்குப் பல மாதம் பிடித்தது. வக்கீல், மரம் வெட்டுகிற அண்ணன், தாலுக்கா ஆபீஸ், அம்மா, பெங்களூரு மைத்துனன் என்று ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். அத்தனை பேச்சையும் கேட்டபின் எந்த வழி எதற்கு உதவும் என்று எனக்குப் பட்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதல் கேள்வி மரம் யாருடையது என்பதுதான். இதற்குச் சட்டத்தில் பதில் எளிது. அடிமரம் யார் நிலத்தில் நிற்கிறதோ மரம் அவருடையது, கிளை எங்கே போனாலும் சரி, வேர் எங்கே போனாலும் சரி. அடிமரமே எல்லைக்கோட்டின் மேல் நின்றால் இரண்டு பேருக்கும் பொது. ஒருவர் மட்டும் முடிவெடுத்து வெட்டக் கூடாது. "எங்க தாத்தா நட்டது" என்பதெல்லாம் அளந்து கல் நட்ட பிறகு செல்லாது. சந்தேகம் இருந்தால் தாலுக்கா ஆபீசில் நில அளவைக்குப் பணம் கட்டி, சர்வேயரை வைத்து அளந்துவிடுங்கள். அதற்கு முன்னால் மரத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் பேச்சு மரத்தைவிட்டு எல்லைத் தகராறுக்குப் போய்விடும், அது வேறு ஜென்மத்துச் சண்டை.

அடுத்தது அனுமதி. இங்கேதான் நான் நிறையக் குழம்பினேன், காரணம் நாம் தேடினால் கிடைக்கிற தகவல் பெரும்பாலும் வேறு மாநிலத்துத் தகவல். மைத்துனன் போனில், "மர அதிகாரிகிட்ட அனுமதி வாங்காம தொட்டீங்கன்னா கேஸ் ஆயிடும் மாமா" என்று பயமுறுத்தினான். அவன் ஊருக்கு அது சரிதான். கர்நாடகத்தில் 1976-ம் ஆண்டிலிருந்து மரப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது, மகாராஷ்டிர நகரங்களுக்கு 1975-லிருந்து, டெல்லியில் 1994-லிருந்து. அங்கெல்லாம் நம் சொந்த மனையில் நிற்கிற மரமாக இருந்தாலும் சில வகைகளைத் தவிர மற்றதற்கு அதிகாரியிடம் விண்ணப்பித்துத்தான் வெட்ட வேண்டும். தமிழ்நாட்டில் அப்படி ஒரு சட்டம் 1955-லேயே வந்தது, ஆனால் அது மலைப்பகுதிகளுக்கு மட்டும். கடலூர் மாதிரிச் சமவெளியில் நம் பட்டா மனையில் நிற்கிற வேம்பையோ மாவையோ வெட்ட அந்த மாதிரிப் பொதுவான அனுமதிச் சட்டம் கிடையாது.

அதற்காக எல்லா மரத்துக்கும் இது பொருந்தும் என்று நினைக்க வேண்டாம். சந்தன மரம் நம் தோட்டத்தில் தானாக முளைத்தது என்றாலும் வனத்துறையைக் கேட்காமல் கை வைக்க முடியாது. தேக்கை வெட்டினால் தடியை வண்டியில் ஏற்றிப் போக வனத்துறைச் சீட்டு வேண்டும். சீட்டு இல்லாமல் ஏற்றினால் வழியில் வண்டி நிற்கும். பனை வேறு கதை. 2021 ஆகஸ்டில் தமிழ்நாட்டின் முதல் வேளாண் நிதிநிலை அறிக்கையை வாசித்தபோது, அப்போது எங்கள் மாவட்டத்துக் குறிஞ்சிப்பாடித் தொகுதியின் எம்.எல்.ஏ.வாகவும் வேளாண் அமைச்சராகவும் இருந்த எம்.ஆர்.கே. பன்னீர்செல்வம், பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி கட்டாயம் என்று அறிவித்தார். மாநில மரம் என்பதால் மட்டும் இல்லை, செங்கல் சூளைக்குப் பனை பனையாகப் போய்க்கொண்டிருந்தது. அப்புறம், வாசலுக்கு வெளியே சாலையோரம் நிற்கிற மரம். அதை நாமே நட்டுத் தண்ணீர் ஊற்றி வளர்த்திருந்தாலும் அது நம் மரம் இல்லை. அதை வெட்ட மாநகராட்சியிடமோ வருவாய்த் துறையிடமோ எழுதிக் கொடுக்க வேண்டும், அது மாவட்டப் பசுமைக் குழுவின் பார்வைக்குப் போகும். ராத்திரியோடு ராத்திரியாக வெட்டிவிடலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள்.

2025 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் மரத்துக்கு ஒரு லட்சம் ரூபாய் வீதம் 454 மரத்துக்கு அபராதம் விதித்தது என்று ஒரு செய்தி எல்லாக் குடும்ப வாட்ஸப் குழுவிலும் சுற்றியது, அம்மா அதைப் படித்துவிட்டு இரண்டு நாள் தூங்கவில்லை. செய்தி உண்மைதான். ஆனால் அது தாஜ்மகாலைச் சுற்றி மரம் வெட்டக் கட்டுப்பாடு இருக்கிற பாதுகாப்புப் பகுதியில், நீதிமன்ற உத்தரவை மீறி ஒரே மூச்சில் நூற்றுக்கணக்கான மரத்தை வீழ்த்தியவரின் வழக்கு. எங்கள் வீட்டுப் பின்கட்டு வேம்புக்கு அது பொருந்தாது.

புதுச்சேரி எல்லையான முள்ளோடையைத் தாண்டினால் நிர்வாகமே வேறு, எனவே புதுச்சேரியில் மனை வைத்திருப்பவர்கள் நான் சொன்னதை அப்படியே எடுத்துக்கொள்ளாமல் அங்குள்ள வனத்துறையிடமும் நகராட்சி அல்லது கொம்யூன் பஞ்சாயத்திடமும் எழுதிக் கேட்டுவிட்டு வேலையை ஆரம்பியுங்கள். புதுச்சேரி என்றதும் ஒரு சின்ன விஷயம். பிரான்சின் குடிமைச் சட்டத்தில், வேறு உள்ளூர் விதியோ வழக்கமோ இல்லாத இடத்தில், 2 மீட்டருக்கு மேல் வளரும் மரத்தை எல்லையிலிருந்து 2 மீட்டர் தள்ளித்தான் நட வேண்டும், அதைவிடக் குட்டையானதை அரை மீட்டர். பக்கத்து நிலத்தில் தானாக விழுந்த பழம் அந்த நிலத்துக்காரருக்கு. வேர் வந்தால் அவரே வெட்டிக்கொள்ளலாம், கிளை வந்தால் மரத்துக்காரரை வெட்டச் சொல்லிக் கேட்கலாம். நம் இந்தியச் சட்டத்தில் இப்படி ஒரு தூரக் கணக்கு இல்லை, விழுந்த பழமும் மரத்துக்காரருடையதுதான். எங்கள் அப்பா 2 மீட்டர் தள்ளி நட்டிருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலை இல்லை என்று நினைத்துக்கொண்டேன்.

ஆக, எங்கள் ஊரில் வெட்டுகிறவனைத் தடுக்க அரசு வருவதில்லை, வெட்ட மறுக்கிறவனைக் கட்டாயப்படுத்தவும் அரசு சுலபத்தில் வருவதில்லை. மீதி இருப்பது பக்கத்து வீட்டுக்காரரும் நாமும்தான். நான் ஒவ்வொரு வழியையும் எடை போட்டது இதை வைத்துத்தான்.

சார் முதலில் கேட்டது முழுதாக வெட்டுவதை. நெல்லிக்குப்பத்திலிருந்து வந்து பார்த்த அண்ணன் வேம்புக்கு 14,000 கேட்டார், விறகை அவரே எடுத்துக்கொண்டால் 8,000. நடுவில் கட்டடம் இருப்பதால் ஒரே வீழ்த்தாக வீழ்த்த முடியாது, மேலிருந்து துண்டு துண்டாகக் கயிறு கட்டி இறக்க வேண்டும், அதனால்தான் அவ்வளவு கூலி. வீட்டுக்கு வரும் மின்கம்பி கிளைக்குள் புகுந்து போகிறது என்றால் மின்வாரியத்துக்குச் சொல்லி, சப்ளையை நிறுத்திய பிறகுதான் ஆள் ஏற வேண்டும். இதில் மட்டும் அவசரம் வேண்டாம், ஈரக் கிளை கம்பியில் பட்டால் மரத்தில் இருப்பவர் உயிர் போய்விடும். முழுதாக வெட்டுவதில் ஒரு நிம்மதி உண்டு, பிரச்சினை அன்றோடு தீர்ந்தது. ஆனால் எங்கள் பின்கட்டு மேற்கு பார்த்தது. சித்திரை வெயிலில் அந்த மரம் இல்லாத சமையலறையை நினைத்துப் பார்க்கவே முடியவில்லை, அம்மாவோ மாரியம்மன் மரத்தில் கோடாலி பட விடமாட்டேன் என்று ஒரே பிடி.

அண்ணனிடம் நான் கேட்ட கேள்வி: எந்த மரத்தைக் கட்டாயம் வெட்டித்தான் ஆக வேண்டும்? அவர் சொன்னதையும் பிறகு விசாரித்ததையும் சேர்த்துச் சொல்கிறேன். அடிமரத்தைச் சுற்றியோ வேர் புறப்படும் இடத்திலோ காளான் தட்டுத் தட்டாக வளர்ந்திருந்தால் உள்ளே அழுகல் இருக்கிறது என்று அர்த்தம். சுத்தியலால் தட்டினால் டொக் டொக் என்று வெற்றோசை கேட்பது, பெரிய பொந்து, இவையும் அப்படித்தான். மரம் பல வருஷமாகச் சாய்ந்தே நின்றால் அவ்வளவு பயம் இல்லை, அது அப்படியே வேர் பிடித்திருக்கும்; இந்த மழையில்தான் புதிதாகச் சாய்ந்தது, சாய்ந்த பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் மண் வெடித்து மேடாகியிருக்கிறது என்றால் மறுநாளே ஆளைக் கூப்பிடுங்கள். இரண்டு பெரிய கவைகள் ஒட்டினாற்போல் எழும்பி நடுவில் பட்டை உள்ளே மடிந்திருந்தால் அந்த இடத்தில்தான் புயலில் பிளக்கும். எங்கள் வேம்பில் இதில் எதுவும் இல்லை. முறிந்த கொப்பு ஏற்கெனவே பட்டுப்போன கொப்பு, நாங்கள் பார்த்து எடுக்காமல் விட்டது.

வாதுமையில் வேறு கதை. அது சுவரிலிருந்து ஒன்றரை அடியில் நின்றது, அடிமரம் பருத்துப் பருத்துக் காம்பவுண்ட் சுவரைத் தள்ளி ஒரு விரல் நுழையும் அளவுக்கு விரிசல். மரம் இன்னும் பருக்கும், சுவர் நகராது, இரண்டில் ஒன்றுதான் இருக்க முடியும். வருஷத்துக்கு இரண்டு முறை கை அகல இலையை மொத்தமாகச் சாரின் தொட்டியில் கொட்டுவது வேறு. அதை 2025 மாசியில் வெட்டிவிட்டோம், யாருக்கும் வருத்தம் இல்லை, வௌவால்களைத் தவிர.

வேம்புக்கு வருகிறேன். டிசம்பர் கடைசியில் அதன் இலையெல்லாம் நுனியிலிருந்து பழுப்பாகி, தீய்ந்தது மாதிரி ஆகிவிட்டது. சார் வந்து, "பாத்தீங்களா தம்பி, மரமே பட்டுப்போகுது, இனி என்ன யோசனை" என்றார். நானும் கிட்டத்தட்ட ஒத்துக்கொண்டுவிட்டேன். நல்லவேளையாக விவசாயத் துறையில் இருக்கும் ஒரு நண்பர் படத்தைப் பார்த்துவிட்டு அவசரப்படாதே என்றார். மழைக்காலத்தின் முடிவில் தேயிலைக் கொசு என்கிற பூச்சி தளிரைக் குத்திச் சாறு உறிஞ்சும், அதோடு ஃபோமாப்சிஸ் என்கிற பூஞ்சையும் சேர்ந்துகொண்டால் நுனிக்கிளைகள் காய்ந்து தொங்கும். சில வருஷமாகத் தமிழ்நாடு, கர்நாடகம், தெலங்கானா எங்கும் இது பரவலாக இருக்கிறது. பெரும்பாலான மரங்கள் வெயில் ஏற ஏறத் தானாகத் துளிர்த்துவிடும். எங்கள் மரமும் மாசியில் துளிர்த்து, சித்திரைக்குப் பச்சடி போடப் பூவும் கொடுத்தது. மார்கழியில் வேம்பு காய்ந்துவிட்டது என்று சொல்லி வெட்டச் சொன்னால், இரண்டு மாதம் பொறுங்கள் என்று தைரியமாகச் சொல்லலாம்.

அவரே தன் பக்கத்தை வெட்டிக்கொள்ளட்டும் என்று விடுவது அடுத்த வழி. இதற்குச் சட்டத்தில் நல்ல ஆதரவு உண்டு. 1894-ல் இங்கிலாந்துப் பிரபுக்கள் சபை தீர்ப்புச் சொன்ன லெம்மன் எதிர் வெப் வழக்கிலிருந்து நம் நீதிமன்றங்கள் எடுத்துக்கொண்ட கொள்கை இது: எல்லை தாண்டி வந்த கிளையை, மரத்துக்காரரின் நிலத்துக்குள் கால் வைக்காமல், எல்லைவரை வெட்டிக்கொள்ளலாம். எத்தனை வருஷம் கிளை அங்கே தொங்கியிருந்தாலும் "அது என் உரிமை ஆகிவிட்டது" என்று நாம் சொல்ல முடியாது. வெட்டிய கிளை மட்டும் நமக்குச் சொந்தம், அவர் விற்கக் கூடாது. எல்லைக்கு இந்தப் பக்கம் ஒரு கையகலம் வெட்டினாலும் அது நம் சொத்துக்குச் சேதம் செய்த குற்றம், சுவரேறி வந்தால் அத்துமீறல், இரண்டுக்கும் போலீசில் புகார் கொடுக்கலாம்.

சட்டப்படி இது சரி. ஆனால் மரத்துக்கு இதைப்போல் கெட்டது வேறில்லை. சுவருக்கு நேராகக் கோடு கிழித்த மாதிரி ஒரு பக்கத்தை வழித்துவிட்டால் பாரம் முழுதும் மறுபக்கம் போகும், எங்கள் விஷயத்தில் மறுபக்கம் என்பது எங்கள் ஓட்டு வராந்தா. வெட்டிய இடத்தில் கட்டை கட்டையாக நின்று, அதிலிருந்து கொத்தாகக் கிளைக்கும், அவை இரண்டு மூன்று வருஷத்தில் அவர் மாடிமேலேயே திரும்ப வந்து நிற்கும், முன்பைவிடப் பலவீனமாக. அவருக்குச் செலவு, நமக்கு ஆபத்து, இரண்டு பேருக்கும் மனக்கசப்பு. பேசவே முடியாத பக்கத்து வீடு என்றால்தான் இந்த வழி.

வேரைப் பற்றித்தான் சாருக்கு அதிகப் பயம். அவருடைய தண்ணீர்த் தொட்டியை வேர் உடைத்துவிடும் என்று. எங்கள் பக்கம் கடற்கரை ஒட்டிய மணல் கலந்த மண், களிமண் மாதிரிக் காய்ந்தால் சுருங்கி வீட்டை இறக்குகிற மண் இல்லை. வேர் நல்ல கான்கிரீட்டைத் தேடிப்போய் உடைப்பதும் குறைவு, ஏற்கெனவே கசிகிற இணைப்பில் ஈரத்தை மோப்பம் பிடித்து உள்ளே நுழையும். அதனால் முதலில் தொட்டியைக் காலி செய்து பார்க்கச் சொன்னேன். வேர் இல்லை. வேரை வெட்டிப் பள்ளம் தோண்டித் தகடு இறக்குவது ஒரு வழிதான், அதை யோசிப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: அடிமரத்தின் குறுக்களவைப்போல் மூன்று, நாலு மடங்கு தூரத்துக்குள் ஒரு பக்கத்துப் பெருவேரை வெட்டினால் மரத்தைத் தாங்கும் நங்கூரத்தையே வெட்டியதாகும். மழையில் மண் ஊறி நிற்கும்போது காற்றடித்தால் அந்தப் பக்கத்துக்கு எதிராகச் சாயும். சுவருக்காக வேரை வெட்டி, மரம் வீட்டின்மேல் விழுந்த கதை தானேவுக்குப் பிறகு எங்கள் தெருவிலேயே கேட்டிருக்கிறேன்.

பெயர்த்து நடுவதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஆலும் அரசும் பூவரசும் பிழைக்கும், ஆணிவேர் ஆழமாகப் போன வளர்ந்த வேம்பு பிழைப்பது கஷ்டம், கிரேன் நுழையத் தெரு வேண்டும். எங்கள் சந்தில் ஆட்டோவே பின்னோக்கித்தான் வரும்.

மனு, வழக்கு என்று போவதைச் சார் ஒருமுறை சொல்லிக்காட்டினார், அதனால் அதையும் விசாரித்தேன். மரம் விழுந்து அக்கம்பக்கத்தில் குடியிருப்பவர்களுக்கோ வழியில் போகிறவர்களுக்கோ காயம் உண்டாக்கும் நிலையில் இருந்தால், அதை அகற்றவோ முட்டுக் கொடுக்கவோ உத்தரவிட கோட்டாட்சியர் போன்ற நிர்வாக நடுவருக்கு அதிகாரம் இருக்கிறது. முன்பு இது குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 133-ம் பிரிவு. 2024 ஜூலை 1 முதல், அதற்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 152. வக்கீல் செலவு இல்லாமல் ஒரு மனுவிலேயே தொடங்கலாம், முறைப்படி போட்ட உத்தரவை சிவில் கோர்ட்டில் போய்க் கேள்வி கேட்க முடியாது. அழுகிய மரத்தை வைத்துக்கொண்டு வெட்ட மறுப்பவருக்கு எதிராக இதைவிட நல்ல வழி இல்லை. ஆனால் சருகு விழுகிறது, கொசு வருகிறது, குயில் கத்துகிறது என்பதற்கெல்லாம் இது உதவாது. நாமும் போய் மரம் திடமாக இருக்கிறது என்று காரணம் காட்டலாம்.

சிவில் வழக்கு என்றால் முன்சீப் கோர்ட்டில் உறுத்துக் கட்டளை, அதாவது இதைச் செய், இதைச் செய்யாதே என்கிற கோர்ட் உத்தரவு, கேட்க வேண்டும். சுவர் இடிந்தது, தொட்டி உடைந்தது என்று நஷ்டத்துக்கு ஆதாரம் இருந்தால் அதில் பலன் உண்டு. ஆனால் வாய்தா வாய்தாவாக அது நடந்து முடிவதற்குள் மரம் இன்னும் பத்தடி வளர்ந்துவிடும், கடைசியில் கிடைப்பதும் பல சமயம் எல்லை தாண்டிய பகுதியை வெட்டு என்பதாகத்தான் இருக்கும். கட்டாயம் வெளியாள் ஒருவர் நடுவில் வேண்டும் என்றால் அதற்குமுன் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் எழுதிக் கொடுங்கள். வழக்குப் போடாத தகராறையும் லோக் அதாலத்துக்கு எடுத்துக்கொள்வார்கள், கட்டணம் இல்லை, இரண்டு பேரும் ஒத்துக்கொண்டு கையெழுத்திட்டால் அது கோர்ட் தீர்ப்புக்குச் சமம், மேல்முறையீடு கிடையாது. பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீலும் உண்டு. என் பார்வையில் சமமான இரண்டு வீட்டுக்காரர்கள் முன்சீப் கோர்ட்டுக்குப் போவதில் லாபம் வக்கீலுக்கு மட்டும்தான்.

ஒரு விஷயம் மட்டும் மரம் வைத்திருப்பவர்கள் நன்றாகத் தெரிந்துகொள்ள வேண்டும். புயலில் நல்ல மரம் விழுந்தால் இயற்கைச் சீற்றம் என்று சொல்லித் தப்பிக்க இடம் உண்டு. மரம் மோசமாக இருக்கிறது என்று தெரிந்தும் சும்மா இருந்தால் அந்த வாதம் நிற்காது. பக்கத்து வீட்டுக்காரர் ஒரு பதிவுத் தபால் அனுப்பிவிட்டாரென்றால் அன்றிலிருந்து "எனக்குத் தெரியாது" என்று சொல்ல முடியாது. எனவே கடிதம் வந்தால் கோபப்படாமல், ஒரு ஆளை வைத்து மரத்தைப் பார்த்து, படமெடுத்து, பதிலை எழுத்தில் அனுப்புங்கள். ஸ்கூட்டரும் காரும் வைத்திருப்பவர்கள் மூன்றாம் நபர் காப்பீட்டோடு நிறுத்தாமல் முழுக் காப்பீடு எடுத்திருந்தால் மரம் விழுந்த சேதத்துக்கு அங்கேயே கேட்கலாம். சாருக்கு அது இருந்தது, கண்ணாடிச் செலவு சின்னது என்பதால் அவர் கேட்கவில்லை.

யாரும் வாய்விட்டுச் சொல்லாத இன்னொரு வழி இருக்கிறது. ராத்திரியில் துளை போட்டுப் பாதரசம் வைப்பது, ஆசிட் ஊற்றுவது. குற்றம் என்பது ஒரு பக்கம் இருக்கட்டும். செத்த மரம் நின்றபடியே உலர்ந்து, காற்றே இல்லாத நாளிலும் கொப்புக் கொப்பாக உதிரும், அது முதலில் விழுவது விஷம் வைத்தவர் வீட்டில்தான்.

கிளை கழிப்பதைத்தான் கடைசியில் செய்தோம். கூலி 5,500. ஆனால் கழிப்பது என்றால் எங்கள் பக்கம் பெரும்பாலான ஆட்கள் புரிந்துகொள்வது மொட்டையடிப்பது, அதாவது உச்சியை வெட்டித் தூண் மாதிரி நிறுத்திவிடுவது. தானேவுக்குப் பிறகு பயத்தில் பல வீடுகளில் இப்படித்தான் செய்தார்கள். அதிலிருந்து கொத்தாக வந்த கிளைகளுக்கு அடிப்பிடிப்பே இல்லை, அடுத்தடுத்த காற்றில் அவைதான் முறிந்தன. நான் அண்ணனிடம் கேட்டுக்கொண்டது: பட்ட கொப்பு எல்லாம் முதலில், பிறகு ஒன்றோடொன்று உரசுகிற கிளை, பிறகு சார் மாடிக்கு மேல் நீட்டிக்கொண்டிருந்த இரண்டு பெரிய கிளைகளை அவை புறப்படும் இடம்வரை. மொத்தப் பசுமையில் கால்பங்குக்கு மேல் ஒரே தடவையில் எடுக்கக் கூடாது. காற்று உள்ளே நுழைந்து வெளியேற வழி இருந்தாலே மரத்தின்மேல் தள்ளு குறைந்துவிடும். கனமான கிளையை முதலில் அடிப்பக்கம் கொஞ்சம் அறுத்துவிட்டு மேலே அறுத்தால் பட்டை உரிந்து வராது, கிளையின் அடியில் புடைத்திருக்கிற வளையத்தைச் சேதப்படுத்தாமல் அதை ஒட்டி வெட்டினால் காயம் தானே மூடும். தார், சிமெண்ட் எதுவும் பூச வேண்டாம். அண்ணன் முதலில் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார், இருபது வருஷமாக ஏறுகிறவருக்கு நான் பாடம் எடுத்தது போலாகிவிட்டது, டீ வாங்கிக் கொடுத்துச் சமாளித்தேன்.

காலமும் முக்கியம். ஆடியில் வேம்பில் கத்தி வைக்க எங்கள் வீட்டிலும் விடமாட்டார்கள், சாரின் வீட்டு அக்காவே அந்த மாதம் வேப்பிலைக்கு எங்களிடம்தான் வருவார். பழம் உதிர்ந்து முடிந்த ஆவணியில் கழித்தோம், ஐப்பசி மழைக்கு முன்னால் மரம் கொஞ்சம் தேறிக்கொள்ள நேரம் கிடைத்தது.

இதெல்லாம் நடந்ததற்குக் காரணம் மர அறிவு இல்லை, சன்ஷேட். அதைக் கொத்தனாரை வைத்து 3,500 ரூபாயில் நானே சரி செய்து கொடுத்தேன், மரத்தைப் பற்றி எதுவும் பேசாமல், பொங்கலுக்கு முன்பே. அதுவரை வெட்டு என்று மட்டுமே சொல்லிக்கொண்டிருந்தவர் அதற்குப் பிறகு "எவ்வளவு கழிப்பீங்க?" என்று கேட்க ஆரம்பித்தார்.

ஒரு வெள்ளைத் தாளில் எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டுக்கொண்டோம், எதிர் வீட்டுக்காரர் ஒருவர், அந்த அண்ணன் ஒருவர் சாட்சி. அடிமரம் எங்கள் மனையில் நிற்கிறது. ஒவ்வொரு வருஷமும் புரட்டாசிக்குள் அவர் பக்கக் கிளையைப் பார்த்துக் கழிப்பது, கூலி என்னுடையது. ஆள் ஏற அவர் மாடியைத் திறந்துவிடுவார். வேர் எதையாவது உடைத்தால் வெட்டும் முன் எனக்குச் சொல்வார். புயல் எச்சரிக்கை வந்தால் அவருடைய வண்டியை எங்கள் முன்வாசலில் நிறுத்திக்கொள்ளலாம். கடைசி வரி சாரே சேர்த்தது: வேப்பம்பழம் விழுந்து கறையாகும் மாடியை ஆனி, ஆடி இரண்டு மாதமும் வாரத்துக்கு ஒருமுறை என் செலவில் கூட்டிவிட வேண்டும். அது எனக்குக் கொஞ்சம் அதிகம் என்று பட்டது, ஆனால் 14,000 ரூபாய்க் கூலியோடும் நிழலில்லாத சமையலறையோடும் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு ஒத்துக்கொண்டேன்.

வாதுமை நின்ற இடத்தில் கட்டை மறுபடி துளிர்த்திருக்கிறது. அதைத் தோண்டி எடுக்க ஆள் சொல்லியிருக்கிறேன். விரிசல் விட்ட சுவரை யார் கட்டுவது என்பதில் மட்டும் இன்னும் பேச்சு நடக்கிறது. பாதி பாதி என்கிறார் அவர், மரம் என்னுடையது என்பதால் முக்கால் நான் கொடுக்கலாம் என்கிறாள் அம்மா.